எறிகிற கையைக் காப்பது: பேஸ்போல் பிள்ளைகளோடு நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். திருகோணமலையில் பாடசாலை அணிகளோடும் ஊர்க் கழகங்களோடும் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் பி.ரி. ஆசிரியர்கள், முதலுதவி படித்த பழைய மாணவர்கள், ஏ.எல். எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பேரை இருத்தி, எறிவதால் வரும் காயங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்லெட்டிக் ட்ரெய்னர் என்றால் கோச்சா? பிசியோவா?

இரண்டும் இல்லை. கோச் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பவர். பிசியோவிடம் பெரும்பாலும் காயம் வந்த பிறகுதான் போவோம். அத்லெட்டிக் ட்ரெய்னர் அணியோடு தினமும் மைதானத்தில் நிற்பவர். காயம் வராமல் பார்ப்பது, வந்தால் அந்த இடத்திலேயே சோதிப்பது, அவசரத்தில் உயிரைக் காப்பது, பிறகு படிப்படியாக ஆட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது, நாலும் அவருடைய வேலை. அமெரிக்காவில் இவர்களுக்கான தேசியச் சங்கம் 1950இல் தொடங்கியது. இன்றைக்கு அங்கே அந்தத் தொழிலுக்குப் போக முதுமாணிப் பட்டமும் தனிப் பரீட்சையும் வேண்டும். பெரிய பேஸ்போல் அணிகளின் ட்ரெய்னர்களுக்கென்றே தனிச் சங்கமும் இருக்கிறது.

நம் ஊர்ப் பாடசாலை அணியில் அந்த இடத்தில் நிற்பவர் பி.ரி. சேர், அல்லது ஐஸ் பையோடு ஓடிவரும் ஒரு அண்ணா. அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

திருகோணமலையில் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும்தானே. பேஸ்போல் பாடம் எதற்கு?

பேஸ்போல் இலங்கைக்குப் புதிதில்லை. கொழும்பு மாவட்டத்துத் தியகமவில் ஜப்பான் உதவியோடு கட்டிய தனி மைதானமே இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லே என்ற ஊர் ஆட்டம் தெரியும், ஓடுகிறவனைக் குறிபார்த்து எறியும் கை அவர்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை பேஸ்போலைக் கையில் எடுத்தால் முதல் நாளே நன்றாக எறிவான். நன்றாக எறிகிறானே என்று எல்லோரும் அவனையே எறியவிடுவார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எறிகிற தோளையும் முழங்கையையும் பற்றி உலகம் தெரிந்து வைத்திருப்பதில் பெரும்பகுதி பேஸ்போலைப் பார்த்துப் படித்தது. அதைக் கற்றவருக்கு எல்லைக்கோட்டிலிருந்து எறியும் கிரிக்கெட் பிள்ளையையும், ஈட்டி எறிபவரையும், கரப்பந்தில் அடிப்பவரையும் பார்க்கத் தெரியும்.

ஒரு பந்தை எறிவதில் அப்படி என்ன ஆபத்து?

பேஸ்போல் 142 முதல் 149 கிராம் வரை இருக்கும். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பாரம் குறைவு. எறிபவர் நிற்கும் பலகைக்கும் அடிப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீற்றர். கேட்க ஒன்றுமில்லைபோல் இருக்கும். உடம்புக்குள் நடப்பதுதான் விஷயம்.

வேகம் கையில் பிறப்பதில்லை. கால் நிலத்தைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னால் நெஞ்சு, அதன் பின்னால் தோள், கடைசியில் கை. வலை வீசுகிறவரைப் பாருங்கள், காலும் இடுப்பும் திரும்பாமல் வலை விரியாது. எறியும் கை பின்னால் முழுதாக மடங்கி நிற்கும் கணத்தில் முன்கை ஏறக்குறைய நிலத்துக்குச் சமாந்தரமாகப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அங்கிருந்து தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம், தேர்ந்த எறிவீரர்களில், விநாடிக்கு 7000 பாகைக்கு அருகில். மனித உடம்பின் அசைவுகளில் இவ்வளவு வேகமானது வேறொன்றைக் காட்டுவது கடினம்.

அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கத்தைப் பிளக்கப் பார்க்கும் முறுக்கு விசை வளர்ந்த வீரருக்குச் சுமார் 64 நியூட்டன் மீற்றர் என்று அளந்திருக்கிறார்கள். விளங்கும்படி சொன்னால், முழங்கையிலிருந்து ஒரு அடி தள்ளி 20 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தொங்கவிட்டு, கையைப் பக்கவாட்டில் வளைப்பதுபோல. முழங்கையின் உட்பக்க இணைப்புநார் தனியாக நின்றால் இதைத் தாங்காது, அறுந்துவிடும். கிளினிக் கொப்பியில் யூ.சி.எல். என்று எழுதுவது இந்த நாரைத்தான். அது அறாமல் இருப்பது முன்கைத் தசைகள் சுமையில் பங்கெடுப்பதால். தசை களைத்தால் பங்கு குறையும், மிச்சம் முழுவதும் நாருக்குப் போகும். இந்த ஒரு சங்கிலி மனதில் நின்றால் கீழே சொல்லும் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கிரிக்கெட் பந்துவீச்சுக் காயங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதா?

பாதி புதிது. வேகப்பந்து வீச்சாளருக்குக் கை நேராக நிற்கவேண்டும், முழங்கை நீள்வதற்கு ஐ.சி.சி. கொடுத்த எல்லை 15 பாகை. அவர்களுடைய பெரிய பிரச்சினை கீழ்முதுகு, வளரும் வயதில் முள்ளெலும்பில் வரும் வெடிப்பு. பேஸ்போலில் முழங்கை மடங்கிப் பிறகு விசுக்கென்று நீளும். ஆகவே கிரிக்கெட்டில் பழகிய கண் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முழங்கை கெட்டுப்போகும். கண்ணை மாற்றிப் பழக்கவேண்டும்.

ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை பந்து எறியலாம்?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்போலும் யூ.எஸ்.ஏ. பேஸ்போலும் சேர்ந்து 2014இல் பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டலைக் கொண்டுவந்தன. அதில் ஒரு நாளின் உச்ச எண்ணிக்கை 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. 13 முதல் 16 வரை 95. 17, 18 வயதுக்கு 105.

உச்ச எண்ணிக்கையை எல்லோரும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஓய்வு நாளைக் கேட்பவர்கள் குறைவு. என் பார்வையில் அதுதான் முக்கியம். 15, 16 வயதுப் பிள்ளை 30 பந்து வரை எறிந்தால் அடுத்த நாளும் எறியலாம். 31 முதல் 45 வரை என்றால் 1 நாள் ஓய்வு, 46 முதல் 60 வரை 2 நாள், 61 முதல் 75 வரை 3 நாள், 76 அல்லது அதற்கு மேல் 4 நாள். எறிந்துவிட்டு அதே ஆட்டத்தில், அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கெச்சராகப் போய் உட்காரக்கூடாது, கெச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவர்தானே. வருடத்தில் 4 மாதமாவது எறிபவராக ஆடாமல் இருக்கவேண்டும், அதில் 2, 3 மாதம் தொடர்ச்சியாக எந்த எறிதலும் இல்லாமல்.

ஜப்பானில் உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள் கோஷியென் போட்டியில் நாள் தவறாமல் நூற்றுக்கணக்கில் எறிவதைப் பெருமையாக நினைத்த காலம் இருந்தது. அங்கேயே 2020இலிருந்து ஒரு கிழமைக்கு 500 பந்து என்று கட்டுப்பாடு வைத்தார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்த எண்கள் போட்டியில் எறியும் பந்துக்கானவை. நம்மிடம் போட்டி குறைவு, பயிற்சிதான் கூட. காலையில் பாடசாலையில் 60, பின்னேரம் கடற்கரையில் கூட்டாளிகளோடு இன்னொரு 60 என்று எறிகிற பிள்ளைக்குப் போட்டிக் கணக்கு மட்டும் வைத்து என்ன பயன்? பயிற்சியில் முழு வேகத்தில் எறிந்ததையும் எண்ணுங்கள். நான் 40 பக்கக் கொப்பியில் நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று போடுகிறேன். செயலி எதுவும் தேவையில்லை.

நோ இருந்தாலும் பையன் சொல்லமாட்டான். எப்படிக் கண்டுபிடிப்பது?

சொன்னால் அணியில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும், அதனால் மறைப்பான். நீங்கள்தான் பார்க்கவேண்டும். பந்து தொடர்ந்து உயரப் போகத் தொடங்கும். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும். ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரம் கூடும். கையை உதறுவான்.

ஒரு பையனைச் சொல்கிறேன். 14 வயது, வலது கைக்காரன். பயிற்சி முடிந்து மைதானத்து ஓரத்தில் எல்லோருக்கும் பிளேன்ரீ கொடுத்தார்கள். அவன் கப்பை இடது கையால் வாங்கினான். பாணையும் இடது கையால் எடுத்தான். புத்தகப்பை இடது தோளில். எறிதலில் ஒரு குறையும் தெரியவில்லை. பக்கத்தில் போய் இருந்து, "தம்பி, இரண்டு கையையும் முன்னால் நீட்டு பார்ப்பம்" என்றேன். இடது முழுதாக நீண்டது. வலது ஒரு விரற்கடை அளவு மடங்கியே நின்றது. உட்பக்கத்து எலும்பு முனையை விரலால் தொட்டதும் முகம் சுருங்கியது. வாயால் மட்டும், "ஒண்டுமில்லை சேர்" என்றான்.

அவனை எனக்குக் காட்டிக்கொடுத்தது அதற்கு முன்னால் நான் விட்ட ஒரு பிழை. வேலைக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒருவனுக்கு நோ குறைக்கும் ஸ்பிரே அடித்துத் திரும்ப உள்ளே அனுப்பினேன். போட்டியில் வென்றோம். அவனுடைய முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. வீதியில் கண்டால் அவன் சிரித்துக் கதைப்பான். என் கண் அந்தக் கைக்குத்தான் போகும்.

களைத்த கையோடு வழக்கமாக எறிந்த இளம் எறிவீரர்கள் சத்திரசிகிச்சை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2006இல் காட்டியது. வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் போட்டியில் எறிந்தவர்களுக்கு 5 மடங்கு. ஆகவே "நோகுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "கை பாரமா இருக்கா?" என்று கேளுங்கள். நோவை மறைக்கிற பிள்ளையும் களைப்பைச் சொல்லிவிடுவான்.

முழங்கையின் உட்பக்கம் நோகிறது என்றால் நார் அறுந்துவிட்டதா?

வயதைப் பாருங்கள். 9 முதல் 14, 15 வரை எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி, இன்னும் மூடியிருக்காது. அந்த வயதில் நாரைவிட அந்தத் தட்டுத்தான் பலவீனம், அதனால் முதலில் இழுபட்டுக் கெடுவது அது. லிட்டில் லீக் எல்போ என்று 1960இலிருந்தே இதற்குப் பெயர் உண்டு. தோளிலும் இதேபோல ஒன்று வரும். ஆரம்பத்திலேயே பிடித்தால் 4 முதல் 6 கிழமை எறியாமல் இருந்தாலே பெரும்பாலும் ஆறும். ஆனால் அந்தக் காலத்தில் எறிதல் அறவே கூடாது. மெதுவாக எறிகிறேன் என்பதும் எறிதல்தான்.

நோ போனதும் நேரே, எறிபவர் நின்று எறியும் மேட்டில் ஏற்றக்கூடாது. 14 மீற்றர் தூரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், இடையில் ஓய்வு விட்டு 25, 25 ஆக எறியத் தொடங்கி, நோ இல்லாவிட்டால் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள். நோ வந்தால் ஒரு படி இறங்குங்கள். இதற்குப் பல கிழமை பிடிக்கும். வீட்டுக்காரரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எறியும்போது டப் என்று சத்தம் கேட்டது, சின்னவிரல் விறைக்கிறது, கை நீளவில்லை, வீங்கிவிட்டது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

எண்ணெய் போட்டு உருவினால் சரிவராதா? பரியாரியிடம் காட்டலாமா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கிற ஊர் இது. அந்த மருத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. களைத்த தசைக்கு எண்ணெய் சுகம் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வளர்ச்சித் தட்டு பிரிந்திருக்கிற முழங்கையை அழுத்தி உருவினாலோ, சுளுக்கு என்று நினைத்து இழுத்துவிட்டாலோ கேடு கூடும். முதலில் எக்ஸ்ரே, பிறகு மற்றது. நல்ல பரியாரியும் இதையே சொல்வார்.

டொமி ஜோன் சத்திரசிகிச்சை செய்தால் கை முன்னைவிட வேகமாகுமாமே?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். 1974இல் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியின் எறிவீரர் டொமி ஜோனுக்கு டொக்டர் பிராங்க் ஜோப், முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோத்து, அறுந்த இணைப்புநாருக்குப் பதிலாகக் கட்டினார். 1976இல் திரும்பி வந்த டொமி ஜோன் 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை. பெரிய சாதனை.

ஆனால் அந்த நார் வேகத்தைக் கொடுப்பதில்லை. திரும்பி வந்து வேகமாக எறிகிறவர் இருந்தால், அது ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்த உடற்பயிற்சியின் பலன். அதைச் சத்திரசிகிச்சை இல்லாமலே செய்யலாம். மேட்டுக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகும், எல்லோரும் பழைய நிலைக்கு வருவதுமில்லை. நல்ல கையை வெட்டுவதற்குத் தாய் தகப்பன் ஆசைப்படக்கூடாது.

தோளை எப்படிச் சோதிப்பது?

வாங்கில் மல்லாந்து படுக்கவிட்டு, மேற்கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்தில் வைத்து, முழங்கையை 90 பாகை மடக்குங்கள். முன்கையைத் தலைப்பக்கமாகவும் பிறகு கால்பக்கமாகவும் சாய்த்து, தோள்பட்டை எலும்பு வாங்கிலிருந்து எழும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி அளக்கவேண்டும். போனில் இருக்கும் சாய்வு அளவி போதும். எறிகிற கை தலைப்பக்கம் கூடுதலாகப் போகும், கால்பக்கம் குறைவாக வரும். அது இயல்பு. இரண்டையும் கூட்டிய மொத்தம் மற்றக் கையின் மொத்தத்தைவிட 5 பாகைக்கு மேல் குறைந்தால் கவனிக்கவேண்டும். பருவம் தொடங்க முன் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். முன்னைய அளவு இல்லாமல் இன்றைய அளவுக்கு அர்த்தமில்லை.

பெண் பிள்ளைகளின் சொஃப்ட்போலில் கீழ்க்கையால்தானே எறிகிறார்கள். பயமில்லைத்தானே?

பயம் உண்டு. கையைச் சக்கரம்போல் சுற்றி எறியும்போது தோளின் முன்பக்கமும் இருதலைத் தசையின் நாரும் பெரிய சுமையை வாங்குகின்றன. கீழ்க்கை என்பதால் ஒரே பிள்ளையை நாள் முழுக்க எறியவிடுகிறார்கள். அவர்களுக்கும் கொப்பி திறக்கவேண்டும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் என்ன செய்வது?

அந்த உலர்ந்த காற்றில் வேர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். வேர்க்கவில்லை என்று பிள்ளை நினைப்பான், தண்ணீர் குடிக்கமாட்டான். பயிற்சியைக் காலை 8 மணிக்கு முன்னும் பின்னேரம் 4க்குப் பின்னும் வையுங்கள். முகமூடியும் கவசமும் போட்டுக் குந்தியிருக்கும் கெச்சரை முதலில் கவனியுங்கள்.

ஒருவன் தள்ளாடி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி, உடம்பு கொதித்தால் அது வெப்ப அதிர்ச்சி. வேர்த்துக்கொண்டிருந்தாலும்கூட. உடனே 1990க்கு அழையுங்கள், ஆனால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் குளிரவைப்பது, பிறகு கொண்டுபோவது. அரை மணித்தியாலத்துக்குள் உடம்புச் சூடு இறங்கவேண்டும். நம் ஊரில் இதற்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ், ஒரு தறப்பாள், இரண்டு வாளி தண்ணீர். பிள்ளையைத் தறப்பாளில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தலையை வெளியே வைத்து, ஐஸ் தண்ணீரை ஊற்றி ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மயக்கத்தில் இருப்பவனுக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

பந்து நெஞ்சில் பட்டுச் சுருண்டு விழுந்தால்?

இதயம் ஆரோக்கியமாக இருந்தாலும், துடிப்பின் ஒரு மிகச்சிறிய கணத்தில் அடி விழுந்தால் தாளம் குழம்பி இதயம் நின்றுபோகலாம். இளம் பிள்ளைகளின் மெல்லிய நெஞ்சில்தான் இது அதிகம். மூச்சு அடைத்துவிட்டது என்று முதுகைத் தடவிக்கொண்டு நிற்காதீர்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் 1990, உடனே நெஞ்சு அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று போட்டிக்கு முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தலையில் பட்டால்?

வெளியே எடுங்கள். அன்றைக்குத் திரும்ப ஆட்டம் இல்லை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, தூக்கக் கலக்கம் இருந்தால் வைத்தியசாலை.

நான் நிறுத்தச் சொல்கிறேன், கோச் கேட்கவில்லை. என்ன செய்வது?

சனிக்கிழமை வகுப்பில் அதிக நேரம் எடுப்பது இந்தக் கேள்விதான். போட்டி நடக்கும்போது வாதாடினால் நீங்கள் தோற்பீர்கள். கடைசி இனிங்ஸ், எல்லோரும் கத்துகிறார்கள், கோச்சுக்கு உங்கள் குரல் ஏறாது. ஆகவே பருவம் தொடங்க முன் அதிபர், கோச், நீங்கள் மூவரும் இருந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வையுங்கள். எண்ணிக்கை எத்தனை, எண்ணுவது யார், அந்த எண் வந்ததும் யாரும் யாரிடமும் கேட்காமல் எறிபவர் மாறுவார். தலையிலும் நெஞ்சிலும் அடி பட்டால் உங்கள் சொல்லே முடிவு. பெற்றோர் கூட்டத்தில் அதை வாசியுங்கள். இன்னுமொன்று, இரண்டு மூன்று எறிவீரர்களைத் தயார்படுத்தக் கோச்சுக்கு உதவி செய்யுங்கள். மாற்ற ஆள் இல்லாத கோச்சிடம் மாற்று என்று சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்.

இதை முறையாகப் படிக்க எங்கே போவது?

உயிரியல் பிரிவில் ஏ.எல். செய்தவர்களுக்குப் பேராதனை, கொழும்பு பல்கலைக்கழகங்களில் பிசியோதெரபி பட்டப்படிப்பு உண்டு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம். மருத்துவர்கள் விளையாட்டு மருத்துவத்தைப் பட்டப்பின் படிப்பாகச் செய்யலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்ஸிலோ முதலுதவியைச் செய்முறையோடு படியுங்கள். நெஞ்சு அழுத்தம் கொடுப்பதைக் காணொளி பார்த்துப் பழக முடியாது, பொம்மையில் அழுத்தித்தான் பார்க்கவேண்டும். பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருப்பது பலரைப் பயப்படுத்துகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பாடத்துக்கு ஐந்து சொல் என்று தமிழில் எழுதிப் பழகுகிறோம். பிள்ளை தன் நோவைத் தமிழில்தான் சொல்வான்.

மைதானத்துப் பையில் என்ன வைக்கலாம்?

கையுறை, காயத்துக்குத் துணி, கிரேப் பண்டேஜ், பிளாஸ்டர், வெட்டுக் கத்தரிக்கோல், ஐஸ் போட பொலித்தீன் பை, முக்கோணத் துணி இரண்டு, ஜீவனி பைக்கற்றுகள், உடைந்து விழுந்த பல்லைப் போட்டுக் கொண்டுபோக ஒரு சின்னப் பால் பைக்கற், மடித்த தறப்பாள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு இலக்கமும், மூச்சிழுப்பு இருக்கிறவர்களின் பெயரும் எழுதிய அட்டை. பிறகு அந்த 40 பக்கக் கொப்பி. அதோடு பேனா வைக்காதீர்கள், பென்சில் வையுங்கள், மார்கழி மழையில் மை கரைந்து, போன கிழமை எத்தனை எறிந்தான் என்று வாசிக்க முடியாமல் போகும்.